வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஆண்டில் வருமான வரி ரீஃபண்டு: செப்டம்பர் 28 ஏன் முக்கியம்?

புதுதில்லி: நிதியாண்டின் நடுவே இந்தியாவில் பார்த்த வேலையை விட்டு வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர், விசா, விமானச் சீட்டு, வாடகை வீட்டு முன்பணம் என்று அலையும் நாட்களில் ஒன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஏப்ரல் முதல் மாதந்தோறும் ஊதியத்தில் பிடிக்கப்பட்ட வருமான வரியில் ஒரு பங்கு அவர்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணமாக இருக்கக்கூடும். கணக்குத் தாக்கல் செய்து கேட்டால்தான் அது கிடைக்கும். கேட்பவர் அதற்குள் நாட்டைவிட்டுச் சென்றிருப்பார். அவருடைய இந்தியக் கைப்பேசி எண் செயலிழந்திருக்கும். வங்கிக் கணக்கின் தன்மையும் மாறியிருக்கும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஊதியத்தில் வரி பிடிக்கும் நிறுவனம், ஊழியர் ஆண்டு முழுவதும் தம்மிடமே பணிபுரிவார் என்று கருதி ஆண்டு வருமானத்தை மதிப்பிடுகிறது. அதற்குரிய வரியைப் பன்னிரண்டாகப் பகுத்து, டிடிஎஸ் எனப்படும் பிடித்தமாக மாதந்தோறும் கழித்துக்கொள்கிறது. ஊழியர் ஐந்தாவது மாதத்தில் விலகினால் அந்த மதிப்பீடு பொய்த்துவிடுகிறது. கடைசி மாத ஊதியத்தைக் கணக்குத் தீர்க்கும்போது பிடித்தத்தைக் குறைக்க நிறுவனத்தால் இயலும். ஆனால், முந்தைய மாதங்களில் பிடித்து அரசுக் கணக்கில் செலுத்திவிட்ட தொகையை நிறுவனங்கள் திருப்பித் தருவது வழக்கமில்லை. அதை வருமான வரித் துறையிடமிருந்துதான் பெற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: 2025-26 நிதியாண்டில் ஒருவரின் மாத ஊதியம் 2 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 24 லட்சம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக 23.25 லட்சத்துக்கு, செஸ் உட்பட 2,92,500 ரூபாய் வரி வருகிறது. மாதப் பிடித்தம் 24,375 ரூபாய். அவர் ஆகஸ்ட் இறுதியில் வேலையை விட்டு வெளிநாட்டுப் பணிக்குச் சென்றால், ஐந்து மாதங்களில் 1,21,875 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். ஆனால் இந்தியாவில் அவர் ஈட்டியது 10 லட்சம் மட்டுமே. கழிவு போக 9.25 லட்சத்துக்கு உண்மையில் உரிய வரி 33,800 ரூபாய்தான். மீதமுள்ள சுமார் 88,000 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியது.

இதே வருமானம் உள்ளவர் இந்தியாவிலேயே வசிப்பவராக இருந்திருந்தால் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியதில்லை. 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்று 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டின்போது பரவலாகப் பேசப்பட்டது, வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவின்கீழ் தரப்படும் தள்ளுபடியால் கிடைக்கும் பயன். அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாடுவாழ் இந்தியர் என்ற நிலைக்கு மாறியவர் 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் வரி விகித அட்டவணைப்படி கணக்குப் பார்க்க வேண்டும். பிடித்தது முழுவதும் வந்துவிடும் என்று எண்ணிக் கணக்குத் தாக்கல் செய்வோர் ஏமாற்றமடைவது இதனால்தான்.

யார் வெளிநாடுவாழ் இந்தியர்?

கடவுச்சீட்டில் உள்ள விசாவையோ வெளிநாட்டு நிறுவனத்தின் பணி ஆணையையோ வைத்து வரித் துறை இதைத் தீர்மானிப்பதில்லை. நாட்கணக்குதான் அளவுகோல். ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் அந்த ஆண்டுக்கு இந்தியாவில் வசிப்பவர். 60 நாட்கள் இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்கள் இருந்திருந்தாலும் வசிப்பவரே. ஆனால் வேலைக்காக நாட்டைவிட்டுச் செல்லும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 நாள் வரம்பு 182 ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28ஆம் தேதி 181ஆவது நாள். புறப்படும் நாளையும் சேர்த்தே எண்ணுவது பாதுகாப்பான வழி. ஆகவே வேலைக்குச் செல்பவர் செப்டம்பர் 28 அல்லது அதற்கு முன் புறப்பட்டு, மார்ச் 31 வரை விடுமுறைக்குக்கூடத் திரும்பி வராமல் இருந்தால் அந்த ஆண்டுக்கு வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிறார். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பத்து நாட்கள் ஊருக்கு வந்தால் அந்த நாட்களும் கூட்டப்படும்.

ஒரு வாரத் தாமதம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை மேற்கண்ட அதே ஊதியக்காரரை வைத்தே பார்க்கலாம். அவர் செப்டம்பர் வரை ஆறு மாத ஊதியம் 12 லட்சம் பெற்று, 28ஆம் தேதி துபாய்க்குப் புறப்படுகிறார் என்போம். பிடிக்கப்பட்ட வரி 1,46,250 ரூபாய். உரிய வரி 54,600 ரூபாய். ரீஃபண்டு 91,650 ரூபாய். துபாயில் பெறும் ஊதியம் இந்திய வரிக்கு உட்படாது. மாறாக, வழியனுப்பு விழா, உறவினர் வீட்டுத் திருமணம் என்று தங்கி அக்டோபர் 5ஆம் தேதி புறப்பட்டால் அவர் அந்த ஆண்டு முழுவதற்கும் இந்தியாவில் வசிப்பவர். அப்போது அவருடைய உலகளாவிய வருமானம் இந்தியாவில் வரிக்குரியது. மார்ச் வரை வெளிநாட்டில் 18 லட்சம் ரூபாய்க்கு நிகராக ஊதியம் பெற்றால் மொத்தம் 30 லட்சம். வரி 4,75,800 ரூபாய். ரீஃபண்டு கிடையாது என்பதோடு, 3,29,550 ரூபாய் அவர்தான் கட்ட வேண்டும்; முன்கூட்டிய வரி செலுத்தாததற்கான வட்டி தனி.

வேலை பார்க்கும் நாடு ஊதியத்துக்கு வரி விதிக்கும் நாடாக இருந்தால், அங்கே கட்டிய வரியைப் படிவம் 67 மூலம் இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஊதியத்துக்கு வருமான வரி இல்லாத வளைகுடா நாடுகளில் கழிப்பதற்கு எதுவும் இராது. இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில், இரு நாடுகளிலும் வசிப்பவராகக் கருதப்படுவோருக்கு நிரந்தர வீடு, குடும்பம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நாட்டைத் தீர்மானிக்கும் விதி உண்டு. அதைக் கோருவது பட்டயக் கணக்காளரின் துணையின்றிச் செய்யத்தக்க காரியமன்று.

மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களின் நிலை வேறு. 182 நாள் சலுகை வேலைக்காகச் செல்பவர்களுக்கானது. படிக்கச் செல்பவர் வேலைக்காகச் சென்றவராகக் கருதப்படுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஆகஸ்டில் முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனிக்குச் செல்பவர், ஏப்ரல் முதல் 60 நாட்களுக்கு மேல் இங்கு இருந்திருப்பதால் அந்த ஆண்டு இந்தியாவில் வசிப்பவராகவே இருப்பார். இது அவருக்குப் பாதகமன்று. ஐந்து மாதங்களுக்கு அதே 10 லட்சம் ஊதியம் பெற்ற மாணவருக்கு 87ஏ தள்ளுபடி கிடைக்கும். பிடிக்கப்பட்ட 1,21,875 ரூபாயும் திரும்பி வரும். ஆனால் அங்கே பகுதிநேர வேலையில் ஈட்டியதைக் கணக்கில் காட்ட வேண்டும். அதையும் சேர்த்து வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டில் தொடங்கிய வங்கிக் கணக்கு உள்ளிட்ட சொத்துகளை, கணக்குப் படிவத்தின் அதற்குரிய அட்டவணையில் தெரிவிப்பதும் கட்டாயம். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணத் தடுப்புச் சட்டம் குறுக்கிடும்.

எந்தப் படிவம், எந்த நாள்?

எளிமையான சஹஜ் எனப்படும் ஐடிஆர்-1 படிவத்தை வெளிநாடுவாழ் இந்தியர்கள் பயன்படுத்த முடியாது. ஊதியம், வட்டி, வீட்டு வாடகை போன்ற வருமானம் மட்டும் உள்ளவர்களுக்கு ஐடிஆர்-2. தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர்-3. பழக்கத்தால் ஐடிஆர்-1இல் தாக்கல் செய்து, வசிப்பவர் என்று குறித்து, தள்ளுபடியையும் பெற்றுக்கொள்வோர் இருக்கின்றனர். பணம் விரைவில் வந்துவிடலாம். பின்னர் நோட்டீஸும் வரலாம்.

தணிக்கை தேவைப்படாத தனிநபர்கள் ஐடிஆர்-2 தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குத் தாக்கல் செய்யலாம். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய். தாமதக் கணக்கில் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க இயலாது என்பதால், வீட்டுக் கடன், காப்பீடு, சேமநிதி ஆகியவற்றுக்கான கழிவுகளை நம்பியிருப்பவர்களுக்கு ஜூலை 31 கூடுதல் முக்கியத்துவம் உடையது.

தாமதமாகத் தாக்கல் செய்தால் ரீஃபண்டே கிடையாது என்ற பேச்சு 2025இல் எழுந்தது. அதற்கு அடிப்படை இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிமுகப்படுத்தப்பட்ட புதிய வருமான வரி மசோதாவில், உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தவர்களே ரீஃபண்டு கோரலாம் என்ற பிரிவு இடம்பெற்றிருந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான மக்களவைத் தேர்வுக் குழு அதை நீக்கப் பரிந்துரைத்தது. ஆகஸ்ட் 11ஆம் தேதி மக்களவையில் நிறைவேறிய திருத்தப்பட்ட மசோதாவில் அந்தப் பிரிவு இல்லை. புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கான கணக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே அமையும். 182 நாள் கணக்கு புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

டிசம்பர் 31ஐயும் தவறவிட்டவர்களுக்கு ஒரு வழி எஞ்சியிருக்கிறது. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவை வருமான வரி ஆணையரிடம் அளிக்கலாம். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 அக்டோபர் 1ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு வந்திருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் நிலையிலேயே தீர்க்கலாம். உண்மையான இடர்ப்பாடு இருந்ததா என்று பார்ப்பார்கள். மறந்துவிட்டேன் என்பது வலுவான காரணமாகாது.

ஓடிபி வராத கைப்பேசி

கணக்கைத் தாக்கல் செய்வதோடு வேலை முடிவதில்லை. 30 நாட்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். இல்லையெனில் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படாது. பலரும் நம்பியிருப்பது ஆதார் ஓடிபியை. அது ஆதாரில் பதிவான இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்கு ஒதுக்கப்படுவதும் உண்டு. குறைந்த கட்டணத் திட்டத்திலாவது அந்த எண்ணை, சர்வதேச ரோமிங் வசதியுடன், முதல் ஆண்டு முழுவதும் உயிரோடு வைத்திருப்பது நல்லது.

அது இயலாதபோது வங்கியின் நெட்பேங்கிங் வழியாக வரித் துறை இணையதளத்தில் நுழைந்து சரிபார்க்கலாம். அதுவும் கைகூடாவிட்டால், ஒப்பமிட்ட ஐடிஆர்-வி படிவத்தைப் பெங்களூருவில் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் அஞ்சல் பயணத்துக்கான நாட்களும் அந்த முப்பதுக்குள் அடங்கும். நாட்டில் இல்லாதவரின் சார்பில், அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவர் கணக்கைச் சரிபார்க்கவும் சட்டம் இடமளிக்கிறது.

மின்னஞ்சல் முகவரியிலும் இதே தொல்லை. வரித் துறை இணையதளத்தில் அலுவலக மின்னஞ்சலைப் பதிவு செய்திருப்பவர்கள், வேலையை விட்ட மறுநாளே அதைப் பார்க்க முடியாமல் போகின்றனர். பழைய நிறுவனம் ஜூன் மத்தியில் வழங்கும் படிவம் 16உம் அந்த முகவரிக்கே போய்ச் சேர்ந்தால் கிடைக்காது. புறப்படுமுன் சொந்த முகவரியை இரு இடங்களிலும் கொடுத்துவிட வேண்டும். படிவம் 16 வரத் தாமதமானாலும், பிடித்தம் எவ்வளவு என்பதைப் படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகியவற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கணக்கில் பணம் வரும்?

2019 மார்ச் 1 முதல் ரீஃபண்டு, பான் எண்ணுடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மின்முறையில் மட்டுமே அனுப்பப்படுகிறது. அந்தக் கணக்கு வரித் துறை இணையதளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர் தமது சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இச்சட்டம் 182 நாட்கள் முடியக் காத்திருப்பதில்லை. வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றதுமே பொருந்திவிடுகிறது. ஆக, ஒருவர் வங்கிக்கு வெளிநாடுவாழ் இந்தியராகவும், அதே ஆண்டில் வரித் துறைக்கு இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க முடியும். இரண்டும் முரண் அல்ல, இரண்டு வெவ்வேறு சட்டங்கள். கணக்கின் வகை மாறியதும் இணையதளத்தில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே மூடிய கணக்குக்கு அனுப்பப்பட்ட ரீஃபண்டு திரும்பிவிடும். புதிய கணக்கைச் சேர்த்து மறுவெளியீட்டுக் கோரிக்கை கொடுக்க வேண்டும். இந்தியாவில் வங்கிக் கணக்கே இல்லாத வெளிநாடுவாழ் இந்தியர், வெளிநாட்டு வங்கிக் கணக்கு ஒன்றின் விவரத்தைத் தர ஐடிஆர்-2இல் இடமுண்டு. எனினும் ஒரு என்ஆர்ஓ கணக்கைப் பராமரிப்பதே சிக்கல் குறைந்த வழி.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனித் தலைவலி உண்டு. வங்கிக் கணக்கில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். பெயர் பொருந்தாவிட்டால் கணக்கின் சரிபார்ப்பு தோல்வியடையலாம். வங்கிக் கிளைக்கு நேரில் சென்று ஒரு விண்ணப்பத்தில் திருத்திவிடக்கூடிய இதை, அயல்நாட்டிலிருந்து செய்வது பல வாரப் பணி.

பான் எண் ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இணைக்கப்படாத எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றவையாயின. அந்நிலையில் ரீஃபண்டும் கிடைக்காது, செயலற்றிருந்த காலத்துக்கு வட்டியும் கிடைக்காது. ஆதார் எண் இல்லாத வெளிநாடுவாழ் இந்தியருக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பது வரித் துறையின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இல்லையெனில் உரிய மதிப்பீட்டு அலுவலருக்குச் சான்றுகளுடன் தெரிவிக்க வேண்டும்.

ஜூலை 31க்குள் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் 1 முதலே மாதத்துக்கு அரை சதவீத வட்டி சேரும். 88,000 ரூபாய் செப்டம்பரில் வழங்கப்பட்டால் வட்டி 2,640 ரூபாய். தாமதமாகத் தாக்கல் செய்தால் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் வட்டி. ரீஃபண்டு தொகை, உரிய வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது. இந்த வட்டியும் அடுத்த ஆண்டு வரிக்குரிய வருமானமே. முந்தைய ஆண்டுகளின் வரி பாக்கி பதிவில் இருந்தால், அறிவிப்பு அனுப்பிவிட்டு ரீஃபண்டை அதில் ஈடுசெய்ய வரித் துறைக்கு அதிகாரம் உண்டு. கட்டி முடித்த பழைய பாக்கியும் சில நேரம் பதிவிலிருந்து நீங்காமல் இருப்பதால், அந்த அறிவிப்புக்கு உடனே பதிலளிக்க வேண்டும்.

பின்வரும் ஆண்டுகளில்

சென்ற ஆண்டோடு ரீஃபண்டு விவகாரம் முடிந்துவிடும் என்பதில்லை. என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸும் பிடிக்கப்படும். ஆண்டுக்கு 2 லட்சம் வட்டி மட்டுமே இந்திய வருமானமாக உள்ள ஒருவருக்கு 62,400 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். அவர் கட்ட வேண்டிய வரியோ பூஜ்யம்.

வீட்டை விற்கும்போது தொகை இன்னும் பெரிது. 35 லட்சத்துக்கு வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை 45 லட்சத்துக்கு விற்பவர் உள்ளூர்வாசியாக இருந்தால், 50 லட்சத்துக்குக் கீழ் என்பதால் வாங்குபவர் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், லாபம் 10 லட்சம்தான் என்றபோதும், விற்பனைத் தொகை முழுவதற்கும் 12.5 சதவீதமும் செஸும் பிடிப்பதே நடைமுறை. அதாவது 5.85 லட்சம். உண்மையான வரி 1.30 லட்சம். மீதி 4.55 லட்சம் அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்து பெறும்வரை அரசிடம் கிடக்கும். பத்திரப் பதிவுக்கு முன்பே படிவம் 13இல் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் பெற்றால் இதைத் தவிர்க்கலாம்.

நாட்டைவிட்டுச் செல்லும் ஒவ்வொருவரும் வரி பாக்கியில்லாச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2024 பட்ஜெட்டுக்குப் பின் வாட்ஸ்ஆப்பில் பரவிய செய்தி தவறானது. தீவிர நிதி முறைகேட்டில் தொடர்புடையவர்கள், தடையாணை ஏதும் இல்லாத 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நேரடி வரி நிலுவை உள்ளவர்கள் போன்ற சிலருக்கே அது தேவை என மத்திய நேரடி வரிகள் வாரியம் அதே ஆண்டு ஆகஸ்டில் விளக்கியது. ரீஃபண்டு தயாராக உள்ளது, இணைப்பைச் சொடுக்கி அட்டை எண்ணைத் தருக என்று வரும் குறுஞ்செய்திகளும் போலியே. ரகசிய எண்ணையோ கடவுச்சொல்லையோ வரித் துறை கேட்பதில்லை.

என்ஆர்ஓ கணக்கில் சேர்ந்த பணத்தை வேலை பார்க்கும் நாட்டுக்கு அனுப்ப விரும்புவோர், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். அதற்கு வங்கிகள் படிவம் 15சிஏ, தேவைப்படும்போது பட்டயக் கணக்காளரின் 15சிபி சான்று ஆகியவற்றைக் கேட்கும். ரீஃபண்டு தொகையாக இருந்தால், பரிசீலனை முடிந்து வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிக்கையின் நகலை, பணம் வந்த வழிக்கான சான்றாக உடன் வைத்துக்கொள்வது உதவும்.